காலம், களம், காரணம்: ஐரோப்பிய வணிக அரசியல் நூல்களைப் பயிலும் முறை

ஒரு நூலைக் கற்கப் புகுமுன் அதன் பாயிரத்தைக் கேட்டறிய வேண்டும் என்பது நம் இலக்கண ஆசிரியர்கள் வற்புறுத்திய நியதி. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டினையும் சிறப்புப் பாயிரம் உணர்த்த வேண்டும் என்று வகுத்த நன்னூலார், காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் அவற்றோடு கூட்டிப் பதினொன்றாகக் கொள்வாரும் உளர் என்று குறித்துச் சென்றார். மாணாக்கர் மனப்பாடம் செய்து கடந்துவிடும் இச்சிறு பகுதி, இன்றைய உலகின் பூகோள அரசியலையும் வாணிபத்தையும் தொழில்நுட்பத்தையும் ஐரோப்பியர் எவ்வாறு நோக்குகின்றனர் என்று அறிய விரும்பி அவர்களுடைய நூல்களைக் கையிலெடுக்கும் வாசகனுக்கு மிகச் சிறந்த கருவியாகும் என்பதும், காலம், களம், காரணம் மூன்றையும் விசாரியாமல் படிப்பவன் நூலுக்கு அடிமையாகவோ அதை வீணே இகழ்பவனாகவோ முடிவான் என்பதுமே இக்கட்டுரையில் நிலைநாட்டக் கருதிய பொருள்.

நாள்தோறும் செய்தி வருகிறதே, புத்தகம் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். செய்தி அன்று நிகழ்ந்ததைச் சொல்லும். அந்நிகழ்ச்சிக்கு இடங்கொடுத்த நிலைமை எத்தனை தலைமுறைகளில் உருவாயிற்று என்பதைச் சொல்ல அதற்கு அவகாசமில்லை. இந்த வேறுபாட்டைச் சரித்திர சாஸ்திரத்தின் அஸ்திவாரமாகவே அமைத்தவர் பிரெஞ்சு ஆசிரியரான பெர்னான் பிரோதெல். 1940-இல் ஜெர்மானியரிடம் யுத்தக் கைதியாக அகப்பட்டு, மைன்ட்ஸ், லூபெக் ஆகிய ஊர்களின் முகாம்களில் 1945 வரை அடைபட்டுக் கிடந்த அவர், முன்னர் ஆவணக் காப்பகங்களில் பல்லாண்டு திரட்டியவற்றைப் பெரும்பாலும் நினைவிலிருந்தே எடுத்துக் குறிப்பேடுகளில் எழுதி, பாரிஸிலிருந்த தம் ஆசான் லூசியன் பெவ்ருக்கு அனுப்பி வந்தார். அவையே 1949-இல் மத்தியதரைக் கடலைப் பற்றிய பெருநூலாக வெளிவந்தன. மலையும் கடலும் பருவமும் அமைக்கும் மிக மெதுவான காலம், வணிகமும் சமூகமும் மாறிவரும் இடைப்பட்ட காலம், மன்னரும் தளபதியரும் தோன்றி மறையும் குறுகிய காலம் என மூன்று அடுக்குகளாக அவர் சரித்திரத்தைப் பகுத்தார். பகைவருடைய வானொலி நாள்தோறும் முழங்கிய செய்திகளைக் கடந்து நோக்க வேண்டியிருந்ததே தம்மை நெடுங்காலப் பார்வையின்பால் செலுத்தியது என்று அவரே பின்னாளில் கூறினார். அந்நூலின் காலத்தையும் களத்தையும் அறிந்த மாத்திரத்தில், அதன் கொள்கை வெறும் பாண்டித்தியத்தின் விளைவன்று, தோல்வியுற்ற ஒரு தேசத்தின் மகன் தன் மனத்தை நிலைநிறுத்திக் கொள்ளத் தேடிய ஆதாரமும் ஆகும் என்பது விளங்கிவிடுகிறது.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுதல் நலம். ஐரோப்பிய நோக்கு என்று ஒருமையிற் சுட்டத்தக்க பொருள் ஏதுமில்லை. டச்சுக்காரர் எழுதியதை ஆங்கிலேயர் மறுத்தனர்; ஆங்கிலேயர் எழுதியதை ஜெர்மானியர் மறுத்தனர்; இருசாராரையும் பிரெஞ்சுக்காரர் மறுத்தனர். வாணிபம் நாடுகளை நட்பினால் பிணைக்கும் கயிறா, அல்லது எளியதை வலியதன் காலில் கட்டும் சங்கிலியா என்ற ஒரே வினாவைச் சுற்றி 400 ஆண்டுகளாக நடந்துவரும் வாதமே அந்த நோக்கு. ஆதலால், பிறர் மதத்தைப் பரபக்கமாக முதலில் நிறுத்திப் பின்னரே தம் மதத்தைச் சுபக்கமாக நாட்டிய நம் சைவ சாத்திர மரபினர் செய்தது போல, ஒவ்வொரு நூலையும் அதன் மறுப்போடு சேர்த்தே பயில வேண்டும்.

ஒரு கப்பலும் ஒரு நூலும்

1603-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் நாள் விடியற்காலையில், இன்றைய சிங்கப்பூருக்குக் கிழக்கே ஜோகூர் ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகில் நங்கூரமிட்டிருந்த சாந்தா கதரீனா என்னும் போர்ச்சுகீசியப் பெருங்கப்பலை, யாகோப் வான் ஹீம்ஸ்கெர்க் என்ற டச்சுத் தளபதி ஜோகூர் அரசின் துணையோடு தாக்கிக் கைப்பற்றினார். சீனக் கரையிலுள்ள மக்காவோவிலிருந்து மலாக்காவை நோக்கிச் சென்ற அக்கப்பலின் வயிற்றில் கச்சாப் பட்டுப் பொதிகளும், பீங்கான் பாண்டங்களும், கஸ்தூரியும் நிறைந்திருந்தன. அவை ஆம்ஸ்டர்டாமுக்குக் கொண்டுவரப்பட்டு 1604-இல் ஏலத்தில் விற்கப்பட்டபோது கிடைத்த தொகை 30 இலட்சம் கில்டருக்கும் மேற்பட்டது. நாடே வியந்த அச்செல்வத்தோடு ஒரு சங்கடமும் வந்து சேர்ந்தது. தற்காப்புக்காக அன்றிப் பலத்தைப் பிரயோகிக்க அத்தளபதிக்கு அதிகாரம் இருந்ததா? ஒரு வணிகக் கம்பெனி நடுக்கடலில் செய்தது யுத்தமா, கொள்ளையா?

1602-இல் தோன்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் செயலுக்கு நியாயம் கூறுமாறு ஓர் இளம் வழக்கறிஞரை நாடியது. டெல்ஃப்ட் நகரில் 1583-இல் பிறந்த ஹ்யூகோ குரோஷியஸ் என்பவரே அவர். அவர் இலத்தீனில் எழுதிய விரிவான வாதநூலில் ஓர் அதிகாரம் மட்டும், ஸ்பெயினுடன் யுத்த நிறுத்தப் பேச்சு நடந்துகொண்டிருந்த 1609-இல், ஆசிரியர் பெயரில்லாமல் ‘மாரே லிபேரும்’, அதாவது ‘கட்டற்ற கடல்’, என்ற தலைப்போடு லெய்டனில் அச்சேறியது. கடல் எவருக்கும் உடைமையாகாது, அதன்மேற் செல்லும் உரிமையும் வாணிபம் செய்யும் உரிமையும் மாந்தர் யாவர்க்கும் இயற்கை அளித்தவை என்னும் அதன் கோட்பாடு சர்வதேசச் சட்டத்தின் ஊற்றுக்கண்களில் ஒன்றாக இன்றளவும் போற்றப்படுகிறது. ஆனால் அவ்வதிகாரத்தை ஓர் அங்கமாகக் கொண்ட முழுநூலின் கையெழுத்துப் பிரதி 1864-இல் ஓர் ஏலத்தின் வாயிலாகத்தான் வெளிப்பட்டது. இரண்டரை நூற்றாண்டுக் காலம் கற்றோர் கையில் இருந்தது பெரியதொரு வழக்குரையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பகுதியே.

இந்நூலுக்கு எழுந்த மறுப்புகளுக்கும் தத்தம் காரணங்கள் இருந்தன. போர்ச்சுகலின் ஆசிய ஆதிக்கத்தைக் காக்கும்பொருட்டு செராஃபிம் டி ஃப்ரெய்ட்டாஸ் 1625-இல் ஒரு நூல் இயற்றினார். தம் நாட்டுக் கரையோரக் கடலின்மீது ஆங்கில அரசனுக்குள்ள உரிமையை நாட்டும்பொருட்டு ஜான் செல்டன் 1635-இல் ‘மாரே க்ளாவ்சும்’, அதாவது ‘அடைபட்ட கடல்’, என்ற நூலை வெளியிட்டார். அடைபட்ட கடலும் கட்டற்ற கடலும் ஒன்றோடொன்று வாதிட்டுக் கொண்டிருக்கையில், அக்கடல்களின் கரைகளில் வாழ்ந்தவர் அவ்வாதத்தில் எத்தகைய இடம் பெற்றனர் என்று நோக்குவது நம் கடமை. சோழமண்டலக் கரையின் துணிகளே கீழ்த்திசைத் தீவுகளில் வாசனைத் திரவியங்களை வாங்குதற்குரிய பண்டமாற்றுப் பொருளாயிருந்தமையால், டச்சுக்காரர் பழவேற்காட்டில் ஜெல்டிரியா என்னும் கோட்டையை எழுப்பி அத்துணி வாணிபத்தில் வேரூன்றினர். கடல் யாவர்க்கும் பொது என்று வாதிட்ட அதே கம்பெனி, ஜாதிக்காய் விளையும் பண்டா தீவுகளை 1621-இல் யான் பீட்டர்ஸ்ஸோன் கூனின் தலைமையில் தாக்கி, அத்தீவுவாசிகளைப் பெரும்பாலும் அழித்தும் சிதறடித்தும் அவ்வாணிபத்தைத் தன் ஏகபோகமாக்கிக் கொண்டது. நூல் சொன்ன சுதந்திரத்தின் எல்லை எதுவென்பது அதன் காரணத்தை அறிந்தாலன்றிப் புலப்படாது.

ஏறியவரும் ஏற முயன்றவரும்

1776-இல் வெளிவந்த ஆடம் ஸ்மித்தின் ‘தேசங்களின் செல்வம்’ தடையற்ற வாணிபத்தின் வேதமாகக் கருதப்படுகிறது. ஆயினும் அதை முழுமையாகப் படிப்பவர், அங்கே தடையற்ற வாணிபத்துக்கு ஒரு விலக்கு மிகத் தெளிவாகக் கூறப்பட்டிருப்பதைக் காண்பர். டச்சுக் கப்பல்களை ஒடுக்கும் நோக்கத்துடன் இயற்றப்பட்ட ஆங்கிலக் கப்பற்போக்குவரத்துச் சட்டங்கள் செல்வப் பெருக்கத்துக்கு உதவுவனவல்ல என்று ஒப்புக்கொண்ட அவரே, செல்வத்தைக் காட்டிலும் தேசப் பாதுகாப்பு பெரிதாதலால் அவற்றை மிக அறிவுள்ள ஏற்பாடாகப் பாராட்டினார். சுருக்க நூல்களிலும் மேடைப்பேச்சுகளிலும் உலாவும் ஸ்மித்திடம் இந்த விலக்கு காணப்படாது; மூலத்தைப் படிப்பதன் பிரயோஜனம் இதுவே.

ஸ்மித்தை எதிர்த்து எழுந்த பெருங்குரல் பிரெடரிக் லிஸ்ட் என்னும் ஜெர்மானியருடையது. 1789-இல் ரொய்ட்லிங்கன் என்ற நகரில் பிறந்த அவர், ஜெர்மன் சிற்றரசுகளுக்கிடையே இருந்த சுங்கத் தடைகளை நீக்குமாறு கிளர்ச்சி செய்தார். அரசியல் சீர்திருத்தம் கோரியதற்காகச் சிறைப்பட்டு, 1825-இல் அமெரிக்காவுக்குப் புறப்பட வேண்டியவரானார். பென்சில்வேனியாவில் பத்திரிகை நடத்தியும், நிலக்கரிச் சுரங்கத்திலும் இருப்புப்பாதையிலும் ஈடுபட்டும், புதிய தேசமொன்று சுங்கவரியின் பாதுகாப்பில் தன் தொழில்களை வளர்ப்பதை நேரிற் கண்டார். தாயகம் மீண்டபின் 1833-இல் ஸாக்ஸனி நாட்டு இருப்புப்பாதையை ஜெர்மனி முழுவதற்கும் பரவும் வலையின் தொடக்கமாக வரைந்து காட்டினார். அதற்கடுத்த ஆண்டின் முதல் நாளில் ஜெர்மன் சுங்கக் கூட்டமைப்பு நடைமுறைக்கு வந்தது. 1841-இல் அவர் வெளியிட்ட பெருநூலின் சாரம் இதுதான்: இங்கிலாந்து தன் தொழில்களைக் காப்புவரியால் வளர்த்துக்கொண்டு உச்சியை அடைந்தபின், தான் ஏறிய ஏணியைப் பிறர் பயன்படுத்தாதபடி உதைத்துத் தள்ளுகிறது, சமநிலை எய்தும்வரை இளந்தொழில்களைக் காப்பதும், எய்தியபின் தடைகளை அகற்றுவதுமே ஏனைய தேசங்களுக்கு உகந்த வழி. நோயாலும் வறுமையாலும் நொந்த லிஸ்ட், 1846 நவம்பரில் கூஃப்ஸ்டைன் என்னுமிடத்தில் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டார்.

கேட்போர் யார் என்ற பாயிர வினாவை இங்கே எழுப்பினால் முக்கியமானதொரு செய்தி கிடைக்கிறது. லிஸ்ட் தம் நியாயத்தை எல்லாத் தேசங்களுக்கும் வழங்கவில்லை. மிதவெப்ப நாடுகளே ஆலைத்தொழிலுக்கு உரியவை, உஷ்ணப் பிரதேசங்கள் விளைபொருளை விற்று ஆலைப்பொருளை வாங்கிக் கொள்வதே இயற்கை என்று அவர் வரையறுத்தார். அவருடைய அவையில் நமக்கு ஆசனமே இல்லை. அவ்வாறிருந்தும், 1892-இல் பூனாவின் டெக்கான் கல்லூரியில் இந்தியப் பொருளாதாரத்தைப் பற்றிச் சொற்பொழிவாற்றிய மகாதேவ கோவிந்த ரானடே, ஆங்கிலப் பொருளாதார சித்தாந்தம் எக்காலத்துக்கும் எந்நாட்டுக்கும் பொருந்துவதன்று என்று நாட்டுவதற்கு லிஸ்டின் வாதத்தைத் துணைக்கொண்டார். நியாயத்தை ஏற்றுத் தடையை விலக்கிய அந்த வாசிப்பு, இக்கட்டுரை பரிந்துரைக்கும் முறைக்கு நம் தேசம் அளித்த முன்மாதிரி.

நிலக்கரியும் சமாதானமும்

ஒரு நூலைப் படிக்காமலே அதைப் பழிக்கும் வழக்கத்துக்கு நார்மன் ஏஞ்செல் எழுதி 1910-இல் வெளியான ‘மாபெரும் மாயை’ நல்ல உதாரணம். வாணிபத்தால் பிணைக்கப்பட்ட ஐரோப்பாவில் இனி யுத்தமே நிகழாது என்று அவர் ஜோசியம் சொன்னதாகவும், 1914 அதைப் பொய்யாக்கிவிட்டதாகவும் பலர் எழுதி வருகின்றனர். அவர் சொன்னது அதுவன்று. நாடுகளின் செல்வம் கடனும் வர்த்தகமுமாகப் பின்னிக்கிடக்கும் காலத்தில் வென்றவனுக்கும் யுத்தத்தால் இலாபமில்லை என்பதே அவர் வாதம். 1918-க்குப் பிந்தைய ஐரோப்பாவின் நிலை அவ்வாதத்துக்குப் பிரமாணமாயிற்றேயன்றி மறுப்பாகவில்லை.

அந்நிலையைத் தம் கண்ணாற் கண்டு எழுதியவர் ஜான் மேனார்டு கெயின்ஸ். பாரிஸ் சமாதான மாநாட்டில் பிரிட்டிஷ் நிதி இலாகாவின் பிரதிநிதியாயிருந்த அவர், 1919 ஜூனில் பதவியைத் துறந்து, அக்கோடையிலேயே எழுதத் தொடங்கி, அவ்வாண்டு டிசம்பரில் ‘சமாதானத்தின் பொருளாதார விளைவுகள்’ என்ற நூலை வெளியிட்டார். யுத்தத்துக்கு முன் இலண்டன்வாசி ஒருவன் படுக்கையில் அமர்ந்து தேநீர் பருகியபடியே தொலைபேசியில் உலகத்தின் எப்பொருளையும் தருவித்துக் கொள்ளக்கூடியவனாயிருந்ததையும், அந்நிலை என்றும் நிற்கும் என்று அவன் எண்ணியிருந்ததையும் வருணிக்கும் பகுதி, கடந்த 40 ஆண்டுகளின் வாணிபப் பெருக்கத்தில் வாழ்ந்தவர் எவரையும் திடுக்கிடச் செய்யும். ஐரோப்பாவின் பொருள்வாழ்வு ஜெர்மனியின் நிலக்கரியையும் இரும்பையும் நடுத்தூணாகக் கொண்டு அமைந்தது, அத்தூணை முறிக்கும் நஷ்டஈடு வென்றவர் தலையிலேயே கூரையை வீழ்த்தும் என்று அவர் எச்சரித்தார். இதனை மறுத்தவர் எத்தியேன் மாந்து. சமாதான மாநாட்டில் நால்வர் குழுவுக்கு மொழிபெயர்ப்பாளராயிருந்த பால் மாந்துவின் மகனான அவர், கெயின்ஸின் கணிப்புகள் பல பின்னர் பொய்த்தன என்றும், அந்நூல் தூண்டிய குற்றவுணர்ச்சியே ஹிட்லரின் எழுச்சியைத் தடுக்க வேண்டியவர்களின் கைகளைத் தளரச் செய்தது என்றும் வாதிட்டார். 1945 ஏப்ரலில், யுத்தம் முடியச் சில நாட்களே இருக்கையில், அவர் போர்முனையில் உயிர்நீத்தார். நூல் மறு ஆண்டு வெளிவந்தது. கெயின்ஸைப் படித்தவர் மாந்துவையும் படித்தல் வேண்டும். ஒருவர் தூண் முறியும் என்று அஞ்சினார். மற்றவர் அத்தூணே மீண்டும் பீரங்கியாகும் என்று அஞ்சினார். இரண்டு அச்சங்களும் உண்மையான அச்சங்கள்.

அவ்விரண்டையும் ஒருங்கே தீர்க்க முயன்றதே 1950 மே 9-ஆம் நாள் பிரெஞ்சு அயல்நாட்டு மந்திரி ராபர்ட் ஷூமான் வெளியிட்ட பிரகடனம். பிரான்ஸின் நிலக்கரி எஃகு உற்பத்தியையும் மேற்கு ஜெர்மனியின் உற்பத்தியையும் பொதுவான ஓர் அதிகாரத்தின் கீழ் வைத்துவிட்டால், இருவரும் யுத்தம் செய்ய எண்ணுவதற்கே இடமில்லாமற் போவதோடு, பொருளளவிலும் அது இயலாததாகிவிடும் என்பது அதன் கருத்து. அதை வகுத்த ழான் மொனே கொஞ்ஞாக் நகரின் மது வணிகர் குடும்பத்திற் பிறந்தவர், சர்வகலாசாலைப் படிப்பில்லாதவர், முதல் உலக யுத்தத்தில் நேச நாடுகளின் கப்பல்களைப் பொதுவில் வைத்து இயக்கப் பாடுபட்டவர். 1976-இல் வந்த அவருடைய நினைவுக் குறிப்புகளைப் படிப்பவர், கப்பலைப் பொதுவாக்கிய கையே பின்னர் கரியைப் பொதுவாக்கியதை உணர்வர். ஆறு நாடுகள் 1951 ஏப்ரல் 18-இல் இதற்காகக் கையொப்பமிட்ட உடன்படிக்கையிலிருந்தே இன்றைய ஐரோப்பிய ஒன்றியம் கிளைத்தது. எனினும் இங்கும் பரபக்கம் உண்டு. ஆலன் மில்வர்டு 1992-இல் வெளியிட்ட நூலில், தேசங்கள் தம்மைக் கரைத்துக்கொள்ள ஒன்று சேரவில்லை, யுத்தத்தால் சரிந்துபோன தேச அரசு தன் குடிகளுக்கு வேலையும் பாதுகாப்பும் அளித்து உயிர்பெறவே ஒன்று சேர்ந்தது என்று பெல்ஜியத்தின் நிலக்கரிச் சுரங்கங்கள் முதலியவற்றை ஆதாரமாகக் காட்டி நிறுவினார். மொனேயிடம் இலட்சியத்தையும் மில்வர்டிடம் கணக்கையும் கற்றவனே பிரஸ்ஸெல்ஸ் நகரத்துப் பேரங்களின் உட்பொருளை அறிவான்.

குழாய் வழியே வந்த பாடம்

வாணிபம் சங்கிலியாவது எவ்வாறு என்பதை மிக நுட்பமாக ஆராய்ந்தவர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன். 1915-இல் பெர்லினில் பிறந்து, 1933-இல் நாஜிகளுக்குத் தப்பி வெளியேறி, பல நாடுகளில் அலைந்து அமெரிக்கா சேர்ந்த அவர், 1945-இல் வெளியிட்ட தம் முதல் நூலில், ஹிட்லரின் ஜெர்மனி தென்கிழக்கு ஐரோப்பாவின் சிறு நாடுகளை வாணிபத்தாலேயே வசப்படுத்திய விதத்தை விளக்கினார். பெரிய நாட்டுக்கு அவ்வியாபாரம் தன் மொத்தத்தில் சிறு பங்கு. சிறிய நாட்டுக்கோ அதுவே ஜீவாதாரம். நிறுத்திவிடுவேன் என்று சொல்லும் ஆற்றல் எவனிடம் இருக்கிறதோ அவனிடமே அதிகாரம் இருக்கிறது. வாணிபம் பரஸ்பர நன்மை தருவது உண்மையே. அந்நன்மையை இழக்க யாரால் இயலும், யாரால் இயலாது என்பதில்தான் அரசியல் பிறக்கிறது.

இந்நூலை மேற்கு ஐரோப்பா தன் அனுபவத்தால் மீண்டும் கற்க நேர்ந்தது. நெருங்கிப் பழகுவதன் மூலமே மாறுதலை உண்டாக்கலாம் என்று 1963-இல் டுட்ஸிங் என்னுமிடத்தில் ஏகோன் பார் உரைத்த கருத்து, ஜெர்மனியின் கிழக்கு நோக்கிய கொள்கைக்கு வித்தாயிற்று. 1970 பிப்ரவரி 1-ஆம் நாள் எஸ்ஸென் நகரில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று: மேற்கு ஜெர்மனி அகன்ற எஃகுக் குழாய்களை ஜெர்மன் வங்கிகளின் கடனில் சோவியத் யூனியனுக்கு அளிக்கும், சோவியத் யூனியன் அக்குழாய் வழியே எரிவாயுவை அனுப்பி ஈடு செய்யும். 1973-இல் எரிவாயு வந்தது. ஸ்வீடிஷ் சரித்திராசிரியர் பெர் ஹோக்செலியுஸ் 2013-இல் வெளியிட்ட ‘சிவப்பு வாயு’ என்ற நூல், இச்சார்பு ஒருநாளில் விழுந்த வலையன்று, ஒவ்வொரு படியிலும் நியாயமான காரணங்களோடு, பொறியாளரும் மந்திரிகளும் வணிகரும் கூடிச் சமைத்த அமைப்பு என்பதைப் பொறுமையாகக் காட்டுகிறது. 2021-இல் ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதி செய்த எரிவாயுவில் 40 சதவீதத்துக்கு மேற்பட்டது ரஷ்யாவினுடையது. 2022 பிப்ரவரியில் உக்ரேன்மீது முழுப்படையெடுப்பு நிகழ்ந்தபோது, ஹிர்ஷ்மன் கூறிய வினா ஒவ்வொரு தலைநகரிலும் எழுந்தது.

ஆனால் அதை மட்டும் கொண்டு 1970-ஆம் ஆண்டினரை மூடர் என்று தீர்ப்பளிப்பது காலம் அறியாத வாசிப்பு. அரை நூற்றாண்டுக் காலம், பனிப்போரின் கடுமையான நாட்களிலும், அக்குழாய்களில் வாயு பாய்ந்தது. குழாயின் இருபுறத்தாரும் அதனால் வாழ்ந்தனர். அன்றைய நிலையில் சரியாயிருந்த ஏற்பாடு நிலைமை மாறியபின்னும் சரியாகவே இருக்கும் என்று எண்ணியதே பிழை. காலம் என்னும் வினாவை நூலுக்கு மாத்திரமன்றி ஒப்பந்தங்களுக்கும் எழுப்ப வேண்டும் என்பது இதனால் பெறப்படும் பாடம்.

யந்திரமும் விதியும்

தொழில்நுட்பத்தைப் பற்றிய ஐரோப்பியக் கவலைக்கு மூலநூல் என்று சொல்லத்தக்கது, பிரெஞ்சுப் பத்திரிகையாசிரியர் ழான்-ழாக் செர்வான்-ஷ்ரைபர் 1967-இல் எழுதிய ‘அமெரிக்க அறைகூவல்’. இன்னும் 15 ஆண்டுகளில் உலகின் மூன்றாவது தொழிற்பெருஞ்சக்தி ஐரோப்பாவாக இராமல், ஐரோப்பாவில் குடியேறிய அமெரிக்கத் தொழிலாக இருக்கக்கூடும் என்று தொடங்கும் அந்நூல், ஐரோப்பாவிடம் இல்லாதது பணமோ மூளையோ அன்று, நிர்வாகத் திறனும் கல்வியும் நாட்டெல்லை கடந்த அமைப்புமே என்று வாதிட்டது. அதன்பின் நடந்த இரண்டு முயற்சிகளை ஒப்பிடுவது பயனுடையது. 1970-இல் நிறுவப்பட்ட ஏர்பஸ் நாடுகள் கடந்து வேலையைப் பகிர்ந்து கொண்டு நிலைபெற்றது. சீமென்ஸ், பிலிப்ஸ், பிரான்ஸின் சி.ஐ.ஐ. ஆகியவை கணிப்பொறிக்காக 1973-இல் கூடிய யூனிடேட்டா இரண்டாண்டில் கலைந்தது. கூட்டு என்ற சொல் மாத்திரம் காரியத்தைச் சாதிப்பதில்லை.

இன்று அக்கவலையும் பெருமையும் ஒருங்கே குவிந்திருப்பது நெதர்லாந்தின் வெல்ட்ஹோவனில் அமைந்த ஏ.எஸ்.எம்.எல். கம்பெனியின் ஒரு யந்திரத்தில். கணிப்பொறிச் சில்லுகளைப் பொறிக்கும் அந்த யந்திரத்தின் உள்ளே, வெற்றிடத்தில், கண்ணுக்குத் தென்படாத உருகிய வெள்ளீயத் துளிகள் விநாடிக்கு 50,000 வீதம் விழுகின்றன. ஒவ்வொரு துளியையும் லேசர் கதிர் முதலில் தட்டித் தட்டையாக்கி, மறுபடியும் தாக்கி ஆவியாக்குகிறது. அப்போது எழும் 13.5 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியைக் காற்றும் கண்ணாடி வில்லையும் விழுங்கிவிடுமாதலால், மிக மிக வழவழப்பாகத் தேய்த்த ஆடிகளே அதனைத் திருப்பிச் சிலிக்கன் தட்டின்மேல் கோலமாக விழச் செய்கின்றன. அந்த ஆடிகள் ஜெர்மனியின் ஓபர்கோஹன் ஊரில் ட்ஸைஸ் கம்பெனி செய்பவை. லேசர் டிட்ஸிங்கன் ஊரின் ட்ரம்ப்ஃப் கம்பெனியுடையது. ஒளிமூலத்தை வடித்த சைமர் அமெரிக்காவின் சான் டியேகோவில் தோன்றி 2013-இல் வாங்கப்பட்டது. இத்தகைய யந்திரத்தை உலகில் வேறெவரும் விற்பதில்லை. 2019 முதல் சீனாவுக்கு அதை அனுப்ப நெதர்லாந்து அரசு அனுமதி அளிக்கவில்லை.

இந்த ஒரே பொருளைப் பற்றி இரண்டு நூல்கள் உள்ளன. அமெரிக்கரான கிறிஸ் மில்லர் 2022-இல் எழுதிய ‘சில்லு யுத்த’த்தில் இது வல்லரசுகளின் போட்டியில் ஒரு கணவாய், காப்பவனும் அடைப்பவனும் யார் என்பதே அங்குக் கேள்வி. டச்சுப் பத்திரிகையாளர் மார்க் ஹைஜிங்க் 2023-இல் அக்கம்பெனியைப் பற்றி எழுதிய நூலில் இது ஒரு வட்டாரத்தின் கதை. பட்டறைகளும், பொருளளிப்போரும், பொறியாளரின் பிடிவாதமும் அங்கு முன்னிற்கின்றன. இரண்டும் மெய்யே. கணவாயின் வரைபடத்தை ஒன்று தருகிறது. கணவாயில் குடியிருப்போரின் வாழ்வை மற்றது தருகிறது. ஐரோப்பிய நோக்கு என்பது யாது என்று ஒருவர் நேரிற் காண விரும்பினால், இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பதைவிட எளிய வழியில்லை.

யந்திரத்தைப் போலவே விதியும் ஐரோப்பாவின் கருவி. பின்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் போதிக்கும் அனு பிராட்ஃபோர்டு 2020-இல் எழுதிய ‘பிரஸ்ஸெல்ஸ் விளைவு’, பெரிய சந்தையும், ஆளும் திறனும், கடுமையான விதிகளும் ஒருங்கே வாய்க்கும்போது, உற்பத்தியாளர் நாட்டுக்கொரு பொருள் செய்வதைக் காட்டிலும் அவ்விதிக்கே உலகெங்கும் அடங்குவதை விரும்புவர் என்று விளக்குகிறது. 2018 மே 25 முதல் அமலிலுள்ள தனித்தகவல் பாதுகாப்பு விதி இதற்குத் தக்க சான்று. ஆயின் பிறர் செய்யும் பொருளுக்கு விதி மட்டும் வகுத்துக்கொண்டு எத்தனை நாள் வாழ முடியும்? மாரியோ டிராகி 2024 செப்டம்பரில் அளித்த அறிக்கை இவ்வினாவையே ஐரோப்பாவின் முன் வைத்தது. ஆண்டுதோறும் 75,000 கோடி முதல் 80,000 கோடி யூரோ வரை கூடுதல் முதலீடு வேண்டும் என்றும், கடந்த 50 ஆண்டுகளில் புதிதாகத் தோன்றிய ஐரோப்பியக் கம்பெனி ஒன்றேனும் சந்தை மதிப்பில் 10,000 கோடி யூரோவைத் தாண்டவில்லை என்றும் அது கூறியது. செர்வான்-ஷ்ரைபரின் நூலை அருகில் வைத்து இதைப் படித்தால், 57 ஆண்டு இடைவெளியில் ஒரே அச்சம் மீண்டும் பேசுவதைக் கேட்கலாம். பிராட்ஃபோர்டும் டிராகியும் ஒருவருக்கொருவர் பரபக்கமாக நிற்பதையும் காணலாம்.

காரணம் அறிந்தபின்

காரணத்தை அறிந்துவிட்டால் நூலின் மதிப்புக் குறைந்துவிடாதா என்பது இம்முறைக்கு எதிராக எழக்கூடிய வலுவான ஆட்சேபம். குரோஷியஸ் கம்பெனியின் வழக்கறிஞர், லிஸ்ட் தம் தேசத்தின் பிரசாரகர், மொனே பிரான்ஸின் எஃகுக்குக் கரி தேடியவர் என்று பட்டம் சூட்டி, எல்லாம் சுயநலமே என்று நூல்களை மூடி வைத்துவிடலாமே என்று சிலர் கூறுவர். இக்காலத்தில் பெருகிவரும் இப்போக்கு அறிவைப் போன்ற தோற்றமுடைய சோம்பல் என்பது என் துணிபு. ஒரு வாதம் எந்தத் தேவையிலிருந்து பிறந்தது என்பது வேறு. அது மெய்யா பொய்யா என்பது வேறு. காரணத்தை ஆராய்வது, நூலில் அக்காரணத்தோடு அழியும் பகுதி எது, அதைக் கடந்து நிற்கும் பகுதி எது என்று பிரித்தறிவதற்கே. லிஸ்டின் ஜெர்மன் அவசரம் ஜெர்மனியோடு போயிற்று. இளந்தொழிலைக் காக்கும் நியாயம் ரானடேயின் கையில் உயிரோடு வந்து சேர்ந்தது.

கட்டற்ற கடல் என்ற நூலுக்கும் அத்தகைய பிற்கதை ஒன்று உண்டு. அந்நூல் வெளிவந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1613-இல், கிழக்கிந்திய வாணிபத் தகராறுகளைத் தீர்க்க டச்சுத் தூதுக்குழு ஒன்று இலண்டனுக்கு வந்தது. அதன் சார்பில் வாதிட வந்தவர் குரோஷியஸே. மொலுக்கஸ் தீவுகளில் ஆங்கிலக் கப்பல்களைத் தடுக்க டச்சுக்காரருக்கு என்ன உரிமை, கடலும் வாணிபமும் யாவர்க்கும் பொதுவல்லவா என்று ஆங்கிலேயர் ‘மாரே லிபேரும்’ நூலின் நியாயத்தையே அவருக்கு எதிரில் எடுத்துரைத்தனர். தீவுவாசிகளோடு செய்துகொண்ட ஒப்பந்தங்கள் தமக்குத் தனியுரிமை அளித்தன, ஒப்பந்தம் மீறப்படலாகாது என்று அவர் விடை சொல்ல வேண்டியதாயிற்று. போர்ச்சுகீசியருக்கு எதிராகக் கம்பெனிக்காகத் தீட்டிய வாதம் கம்பெனியின் கையை விட்டுப் போய்விட்டது.

அன்று அம்மண்டபத்தில் ஜோகூரின் பிரதிநிதி இல்லை. பண்டாவின் குரல் இல்லை. பழவேற்காட்டுத் துணியை நெய்தவரும் இல்லை. அவர்கள் இருந்திருப்பின், கட்டற்ற கடல் என்று எழுதியவரிடம் ஆங்கிலேயர் கேட்டதைவிடக் கடுமையான வினாக்களை அந்நூலைக் கொண்டே கேட்டிருப்பார்கள். அவர்களுக்கு இலத்தீன் நூல் எட்டவில்லை. நமக்கு எட்டுகிறது. ஆதலால் ஐரோப்பிய நூலொன்றைத் திறக்கும்போது, அதன் காலத்தையும் களத்தையும் காரணத்தையும் முதல் ஏட்டின் விளிம்பில் நம் கையால் எழுதிக்கொண்டு, அதற்குக் கீழே நாம் எக்காலத்தில், எந்தக் கரையிலிருந்து, எதன்பொருட்டு அதைப் படிக்கிறோம் என்பதையும் எழுதிக்கொள்வது, அந்நூலுக்கு நாம் செய்யும் மரியாதையும் நமக்கு நாமே செய்துகொள்ளும் நன்மையும் ஆகும்.